கோடை விடுமுறைக்குக் குடமுருட்டி ஆற்றுக்குப் போகலாம்

பள்ளித் தேர்வுகள் முடிந்த மறுநாளிலிருந்து தஞ்சாவூரில் எங்கள் உறவினர் வீடுகளில் ஒரே பேச்சுதான்: கொடைக்கானலா, ஊட்டியா, இல்லை சென்னைக்குப் போய் நீர் விளையாட்டுப் பூங்காவில் ஒரு நாள் கழிப்பதா? போகிறவர்கள் போய்வரட்டும், மலைக் குளிர்ச்சியை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நான்கு நாள் மலைக்கும் நாற்பது நாள் கைப்பேசிக்கும் என்று பிள்ளைகளின் விடுமுறையைப் பங்கு பிரித்துவிட்டு, "இந்த வெயிலில் நம்ம ஊரில் எங்கே போவது?" என்று பெரியவர்கள் கேட்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நம் பிள்ளைகள் ஆற்றுக்குள் இறங்கி நடக்கக்கூடிய காலம் டெல்டாவில் கோடை ஒன்றுதான்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். சில ஆண்டுகளில் அது முன்பின் ஆகும்: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். எப்படியானாலும் மாசி பிறந்ததிலிருந்து வைகாசி வரைக்கும் நம் ஆறுகள் பெரும்பாலும் மணலாகவே கிடக்கின்றன. அந்த மணலை நாம் பாலத்தின் மேலிருந்து ஒரு நொடி பார்த்து, "தண்ணியே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம்.

இந்த மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு, நானும் என் மனைவியும் இரண்டு வண்டிகளில் மகளையும் அண்ணன் மகனையும் ஏற்றிக்கொண்டு கரந்தையிலிருந்து திருவையாற்றுக்குக் கிளம்பினோம். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிப் போகும் சாலை உலகத்தில் எத்தனை ஊருக்கு வாய்த்திருக்கும்? ஒவ்வொரு பாலத்திலும் வண்டியை நிறுத்தி, ஆற்றின் பெயரைச் சொல்லி, இது எங்கே பிரிந்து எங்கே போகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னபோது, எனக்கே இரண்டு இடத்தில் தடுமாறியது என்பதை மறைக்க விரும்பவில்லை. பள்ளியக்ரகாரத்துப் பக்கம் புங்க மரங்களின் அடியில் பொரி சிதறியதுபோல் பூ உதிர்ந்து கிடந்ததைப் பிள்ளைகள் இரண்டு கையாலும் அள்ளினார்கள்.

கண்டியூர் அருகே குடமுருட்டியில் இறங்கினோம். செங்குத்தான மண் கரையில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வாயோடு ஏழெட்டுப் பொந்துகள் இருந்தன. எதிரே மின்கம்பியில் பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று, வாயில் ஒரு தட்டானைக் கவ்வியபடி, அதைக் கம்பியில் இரண்டு முறை அடித்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பறவை பங்குனியிலிருந்து ஆனிவரை இப்படி மண் கரையைக் குடைந்துதான் கூடு வைக்கிறது. நாங்கள் பொந்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த வரையில் அது அசையவில்லை. எல்லோரும் திரும்பி எதிர்க்கரையைப் பார்த்தபடி நின்றோம், நான் மட்டும் கடைக்கண்ணால் கவனித்தேன். விருட்டென்று பாய்ந்து உள்ளே போய், வெறும் வாயோடு வெளியே வந்தது. யாராவது கூட்டைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பறவை உள்ளே நுழையத் தயங்கும் என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைத் தன் கண்ணால் பார்த்த என் மகள், வீட்டுக்கு வந்து பாட்டியிடம் மூன்று முறை சொன்னாள்.

காவிரியில் மணலைக் கையால் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது, இன்னும் கொஞ்சம் தோண்டியதும் கலங்கலாகச் சுரந்து, சற்று நேரத்தில் தெளிந்தது. "சித்தப்பா, ஆறு அடியிலதான் இருக்கா?" என்று அண்ணன் மகன் கேட்டான். ஆமாம் என்றேன். சிறு வயதில் நாங்கள் ஊற்று நீரை அப்படியே குடிப்போம். இப்போது ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடங்கள் பல இருப்பதால் குடிக்கவேண்டாம் என்று சொல்ல நேர்ந்ததுதான் அன்றைக்கு மனத்தை உறுத்தியது.

சென்ற ஆண்டு மகளை ஒரு கோடை முகாமில் பணம் கட்டிச் சேர்த்திருந்தோம். பத்து நாளும் மூடிய அறைக்குள் உட்கார வைத்து, 'இயற்கை' என்ற தலைப்பில் மலையும் அருவியும் வரையச் சொன்னார்கள். சன்னலைத் திறந்தால், புதாறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரை தெரியும், பத்து நாளில் ஒரு நாள்கூட அழைத்துப் போகவில்லை. கேட்டதற்கு, பாதுகாப்பு என்று சொன்னார்கள்.

பாதுகாப்பு பெரிய விஷயம்தான், அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய நீர் மேலே அமைதியாகவும் அடியில் ஆளை விழுங்கும் ஆழத்தோடும் இருக்கும். கொள்ளிடத்தில் இது இன்னும் அதிகம். ஆகவே தண்ணீர் நிற்கும் எந்த இடத்திலும் பிள்ளைகளை இறக்காதீர்கள், உடைந்த பாட்டில்கள் கிடக்கும் என்பதால் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள், கத்திரி வெயிலில் எட்டரை மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மேட்டூரில் திறந்த நீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், அந்தச் செய்தி வந்த பிறகு ஆற்று மணல் பக்கம் போகவே வேண்டாம்.

பறவைகளுக்காக வடுவூர் ஏரிக்குப் போகலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அருமையான இடம் அது, ஆனால் வலசைப் பறவைகளைப் பார்க்க கார்த்திகைக்கு மேல் போங்கள். கோடைக்கு மொட்டை மாடியே போதும். மே மாத இரவில் எட்டரை மணிக்கு மேல் வடக்கே சப்தரிஷி மண்டலம் தெளிவாகத் தெரியும், அதன் வால் வளைவை நீட்டிக்கொண்டே போனால் சுவாதி நட்சத்திரமும் அதைத் தாண்டிச் சித்திரை நட்சத்திரமும் வரும். கல்யாணத்தன்று பகலில் கைகாட்டப்பட்ட அருந்ததியை, வசிட்டரின் பக்கத்தில், என் மனைவி இந்தக் கோடையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அதிகாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மேட்டூர் அணையோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாயின் கரைகளில் இப்போது கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கான்கிரீட்டில் பஞ்சுருட்டான் குடைய முடியாது. குடமுருட்டியிலும் வெண்ணாற்றிலும் மிஞ்சியிருக்கும் மண் கரைகளையாவது குப்பை கொட்டாமல் அப்படியே விட்டுவையுங்கள். ஊருக்கு ஒரு படித்துறையை, கருவேல முள்ளை வெட்டி, ஒரு கழிப்பறையும் இரண்டு மருத மரங்களும் வைத்து, குடும்பத்தோடு வந்து உட்காரும்படி செய்து கொடுங்கள். இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

குடமுருட்டிப் பொந்துகளிலிருந்து குஞ்சுகள் இன்னும் வெளியே வரவில்லை. வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கரந்தையிலிருந்து மறுபடியும் கிளம்புகிறோம். பிள்ளைகளோடு வர விரும்புகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பறவைக்குத் தொந்தரவு இல்லாமல் இருபது முப்பது அடி தள்ளி உட்கார ஒரு நிழல் பார்த்து வைத்திருக்கிறேன்.