பாக்கெட் விலையைச் சொல்லிக் காட்டியது போதும்

சனிக்கிழமை நாம் எட்டு பேர் மேக் அண்ட் சீஸ் (சீஸ் சாஸில் கலந்த மக்ரோனி) கடைக்குச் சாப்பிடப் போனபோது நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று வாட்ஸப் குழுவில் அந்த அண்ணன் மறுபடியும் "பாக்கெட்டில் ஒரு டாலருக்குக் கிடைப்பதற்கு 18 டாலரா என்று கேட்டதில் என்ன தப்பு?" என்று போட்டு, அதற்குக் கீழே அத்தனை பேர் சிரிப்புக் குறி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தப்பு இருக்கிறது அண்ணா. மெனுவைப் பார்த்து உங்கள் மனதுக்குள் கேட்டிருந்தால் தப்பில்லை. நீங்கள் சட்டியைக் கொண்டுவந்து வைத்த பெண்ணைப் பார்த்து, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி கேட்டீர்கள். அந்தப் பெண் "ஸாரி" சொன்னாள். அவள் எதற்கு ஸாரி சொல்ல வேண்டும்? விலையை அவளா வைத்தாள்?

முதலில் ஒன்று. அங்கே நாம் சாப்பிட்டது பாக்கெட் இல்லை. வெண்ணெயில் மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போக வதக்கி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறி, கெட்டியானதும் தீயைத் தணித்துத் துருவிய செடார் சீஸைச் சேர்க்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் சீஸ் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும், வாயில் நரநரவென்று இருக்கும். நாள்பட்ட செடாருக்குச் சுவை அதிகம், ஆனால் அதுதான் சீக்கிரம் திரியும். அதனால் நன்றாக உருகும் இன்னொரு சீஸோடு கலப்பார்கள். மக்ரோனியை முக்கால் வேக்காட்டில் எடுக்க வேண்டும், மிச்சம் ஓவனில் வேகும். மேலே ரொட்டித் தூள் தூவி, இரும்புச் சட்டியோடு ஓரம் முறுகி வரும் அந்தப் பக்குவத்துக்கு உள்ளே ஒரு ஆள் வியர்த்துக்கொண்டு நிற்கிறார். கையால் சமைத்த சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு பாக்கெட் விலையைச் சொல்வது அந்த ஆளை அவமானப்படுத்துவது. நான் சொல்வது இவ்வளவுதான்.

பாக்கெட்டையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். கிராஃப்ட் கம்பெனி 1937 இல், பொருளாதார மந்தக் காலத்தில், அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தபோது விலை 19 சென்ட், நான்கு பேர் சாப்பிடலாம் என்று விற்றார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேஷனில் ஓடிய குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. எனக்கும் போட்டிருக்கிறது. படிக்க வந்த புதிதில் மாதக் கடைசியில் அந்த நீலப் பெட்டிதான் இரவுச் சாப்பாடு, பச்சை மிளகாயை நறுக்கிப் போட்டுச் சாப்பிடுவேன். அதனால்தான் அதன் பெயரைச் சொல்லி ஒருவரை மட்டம் தட்டும்போது எனக்குச் சுருக்கென்று குத்துகிறது.

"அது குழந்தைகள் சாப்பாடு, அதற்குத் தனியாக ஒரு ரெஸ்டாரண்டா" என்று இன்னொருவர். குழந்தைகள் மட்டுமா சாப்பிடுகிறார்கள்? கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களில் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று மேக் அண்ட் சீஸை யார் செய்வது என்பதே பெரிய விஷயம், கைப்பக்குவம் தெரியாதவர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கமாட்டார்கள். ஜேம்ஸ் ஹெமிங்ஸ் யார் என்று ஒருமுறை தேடிப் படியுங்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1784 இல் பாரிஸுக்குக் கூட்டிப்போய்ப் பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்த அடிமை. விடுதலை கேட்டபோது, உன் இடத்துக்கு இன்னொருவனைப் பழக்கிவிட்டுப் போ என்று நிபந்தனை போட்டார்கள். அவர் தன் தம்பி பீட்டருக்கே சமையலைக் கற்றுக்கொடுத்துவிட்டு 1796 இல்தான் வெளியே வர முடிந்தது. இந்த உணவு அமெரிக்காவில் வேர்விட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் ரொம்ப காலம் பேர் வாங்கியது ஜெஃபர்சன். சமைத்தவரைப் பார்க்காமல் தட்டை மட்டும் பார்க்கும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

சரி, பரிமாறியவருக்கு வைக்கும் டிப் விஷயம். "கலிஃபோர்னியாவில் டிப்பைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆக வேண்டும், பிறகு எதற்கு டிப்" என்று சட்டம் பேசுகிறார்கள். சட்டம் அதுதான், உண்மை. மத்திய சட்டப்படி டிப் வாங்குகிறவர்களுக்கு மணிக்கு 2.13 டாலர் மட்டும் கொடுத்தால் போதும் என்பது 1991 லிருந்து மாறவில்லை, இங்கே அப்படி இல்லை. அதனால் என்ன? இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் குறைந்தபட்சக் கூலியில் வாடகை கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எட்டு பேர் மூன்று மணி நேரம் மேசையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவா, ஹாட் சாஸ் கொண்டுவா, பில்லை எட்டாகப் பிரி என்று ஓட விட்டுவிட்டு, டிப் இடத்தில் கோடு கிழித்துவிட்டு எழுந்தோம். நான் தனியாகப் பணம் வைத்ததை "சீன் போடுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வலிக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹோம்ரூம் என்று ஒரு மேக் அண்ட் சீஸ் கடை 2011 இல் தொடங்கினார்கள். அங்கே பரிமாறுகிற பெண்களிடம் வாடிக்கையாளர்கள் அத்துமீறுவதைத் தடுக்க மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்தார்கள். பார்வை சரியில்லை என்றால் மஞ்சள், பேச்சு இரண்டு அர்த்தத்தில் இருந்தால் ஆரஞ்சு, பச்சையாகப் பேசினாலோ தொட்டாலோ சிவப்பு. நிறத்தைச் சொன்னால் போதும், மேனேஜர் ஏன் எதற்கு என்று கேட்காமல் நடவடிக்கை எடுப்பார். நீங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை, உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு கொண்டுவருகிறவர் எதையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

என் அம்மா இங்கே வந்திருந்தபோது பல் செட் சரியாகப் பொருந்தாமல் எதையும் மெல்ல முடியாமல் இருந்தார். சனிக்கிழமை நாம் போன இதே கடைக்குக் கூட்டிப்போனேன். ஒரு வாய் வைத்துவிட்டு "குழைஞ்ச வெண்பொங்கல் மாதிரி இருக்குடி, மிளகு மட்டும் போதல" என்றார். சொன்னவுடன் மிளகு மில்லை எடுத்துவந்து, அம்மா போதும் என்று கையைக் காட்டும் வரை அரைத்துப் போட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆபீஸ் மைக்ரோவேவில் நான் சாம்பார் சாதம் சூடு பண்ணியபோது ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதை இதே குழுவில் எழுதினேன். அப்போது எனக்காகக் கொதித்தவர்கள் நீங்கள்தான், அண்ணன் உட்பட. நம் சாப்பாட்டை ஒருவர் கேவலமாகப் பார்த்தால் நமக்கு எப்படி எரிகிறது? அடுத்தவர் சாப்பாட்டைப் பார்த்து "இதெல்லாம் ஒரு சாப்பாடா" என்று நாம் சொன்னால் மட்டும் அது எப்படி நகைச்சுவையாகிறது?

விலை அதிகம் என்பவர்கள் போக வேண்டாம், ருசி பிடிக்காதவர்களும் போக வேண்டாம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை நான் போகிறேன். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், மேசை சொல்லி வைக்க வேண்டும். வருகிறவர்கள் டிப் வைக்கிற மனதோடு வாருங்கள்.