‘சின்னப் பிள்ளைங்க புத்தகம்தானே!’

பிள்ளைகளுக்கான ஒரு பொது அறிவுப் புத்தகத்தின் பிழைகளைப் பற்றி நான் போட்ட பதிவின் கீழே வந்த பதில்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகம் என்று மறுபடி சொல்லப்போவதில்லை, இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 48 பக்கம், நான்கு வண்ணம், அறிவியலும் வரலாறும் இயற்கையும் ஒரே அட்டைக்குள். அதிலிருந்த பதினோரு பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதியிருந்தேன். பதினொன்றில் ஒன்றைக்கூட யாரும் மறுக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தது ஒரே பதில்தான்: "சின்னப் பிள்ளைங்க புத்தகம்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு கறார்?"

சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்பதால்தான் கறார். பெரியவர் படிக்கும் புத்தகத்தில் தப்பு இருந்தால் அவர் புத்தகத்தைச் சந்தேகிப்பார். இன்னொன்றைப் புரட்டுவார், தெரிந்தவரைக் கேட்பார். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைத்தான் சந்தேகிக்கும்.

அந்தப் புத்தகத்தின் 14ஆம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "வெயிலில் ஒரு குச்சியை நடு. நண்பகலில் அதன் நிழல் விழும் திசையே வடக்கு." திருவள்ளூர் பக்கம் ஒரு கிராம நூலகத்துக்கு வரும் சிறுமி, நான்காம் வகுப்பு முடித்தவள், மே மாத விடுமுறையில் இதைச் செய்து பார்த்திருக்கிறாள். நிழல் தெற்கே விழுந்தது. அவளுக்கு ஊரில் வடக்கு எது என்று நன்றாகவே தெரியும், ஏரிக்கரை இருக்கும் பக்கம். மறுநாளும் செய்தாள். குச்சியை மாற்றிச் செய்தாள். மூன்றாம் நாள் நோட்டில் எழுதி வைத்தாள்: "நான் தப்பாச் செஞ்சேன்."

அவள் செய்தது அத்தனையும் சரி. சென்னையும் திருவள்ளூரும் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசி வாரவாக்கில் சூரியன் அங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் நடுவில்தான் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்கே இறங்கும். இடையில் உள்ள நான்கு மாதமும் நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். மே நடுவில் ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நிழல், தெற்கு நோக்கி. கன்னியாகுமரிக்குப் போனால் இந்தக் காலம் இன்னும் நீளம். 14ஆம் பக்கத்தில் இருக்கும் வரி லண்டனில் வருடம் முழுக்கச் சரி. யாரோ அங்கே இருக்கும் பிள்ளைக்கு எழுதியதை இங்கே இருக்கும் பிள்ளைக்கு அப்படியே பெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையே அந்த மாதங்களில்தான். செய்து பார்க்க நேரம் கிடைக்கும் நாளில் சரியாகத் தப்பாகும் சோதனை அது.

அந்த நோட்டைப் பார்த்த பிறகும் "சின்னப் பிள்ளைங்க புத்தகம்தானே" என்று யாராவது சொல்லட்டும், கேட்கிறேன்.

"படம் ஓவியரின் கற்பனை, அதில் போய்ப் பிழை பார்ப்பதா" என்று ஒரு நண்பர். கதைப் புத்தகத்தில் யானை சைக்கிள் ஓட்டலாம், முயல் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், எனக்கு மகிழ்ச்சிதான். இது கதைப் புத்தகம் இல்லையே. "நம்மைச் சுற்றி உள்ள உயிர்கள்" என்று தலைப்புப் போட்டுவிட்டு, நம்மைச் சுற்றி எங்குமே இல்லாத, செம்பழுப்பு நிறத்தில் புசுபுசு வாலுள்ள ஐரோப்பிய அணிலை வரைந்தால் அதற்குப் பெயர் கற்பனையா? முதுகில் மூன்று வரியோடு வேப்பமரத்தில் ஓடுகிற அணிலை வாசலில் பார்க்கிற பிள்ளை, அணில் என்றால் புத்தகத்தில் இருப்பதுதான், இது வேறெதுவோ என்று நினைத்துக்கொள்ளும். அடுத்த பக்கத்தில் முள்ளெலியின் படம், கீழே "முள்ளம்பன்றி" என்று பெயர். இரண்டும் வேறு வேறு விலங்கு. முள்ளெலி உள்ளங்கையில் அடங்கும், பூச்சி தின்னும், நம் தென் மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காட்டிலும் வறண்ட புதர்க்காட்டிலும் இருக்கிறது. முள்ளம்பன்றி கொறிவிலங்கு, பத்துப் பதினைந்து கிலோ வரும், முள் ஒரு சாண் நீளம் இருக்கும். முள்ளெலி என்று அழகான தமிழ்ப் பெயர் இருந்தும் நம் விலங்கைப் பெயரில்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

சிலந்தியின் எட்டுக் கால்களையும் எண்ணிப் பார்த்தேன், எட்டும் இருந்தன. ஆனால் பின்பக்கத்து உருண்டை வயிற்றிலிருந்து முளைத்திருந்தன! கால்கள் முன்பகுதியில்தான் இருக்கும். பிறைநிலாவின் குழிக்குள் ஒரு நட்சத்திரம். அந்த இடத்தில் இருட்டாக இருப்பதும் நிலாதான், அதை ஊடுருவி நட்சத்திரம் தெரியாது. மாசி, பங்குனி மாதத்து மூன்றாம் பிறையை நம் ஊரில் பார்த்தவருக்குத் தெரியும், அது தோணிபோல மல்லாந்து கிடக்கும். புத்தகத்தில் ஐரோப்பாவில் தெரிவதுபோல் பிறை நின்றுகொண்டிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஓவியர்மேல் பழிபோட அல்ல. நம்மிடம் துறை அறிந்தவருக்கு எழுத்தை மட்டும் அனுப்புகிறார்கள். அவர் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறார். அதன் பிறகுதான் படம் வரையக் கொடுக்கிறார்கள், அதுவும் பத்து நாள் கெடு வைத்து. ஓவியர் இணையத்தில் தேடுகிறார், வெளிநாட்டுப் படம் வருகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவில் படம் எடுப்பவர்கள் அந்தத் தேடலையும் விட்டுவிட்டார்கள். படம் முடிந்ததும் நேரே பக்கவடிவமைப்பு, பிறகு அச்சு. துறை அறிந்தவர் படத்தைப் பார்ப்பதே கிடையாது. எழுத்துக்கு இரண்டு மெய்ப்பு, படத்துக்கு ஒன்றும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை முதலில் படிப்பதோ படத்தைத்தான். பென்சில் கோட்டோவியமாக இருக்கும்போது காட்டினால் சிலந்திக் காலை அழித்து வரைய ஐந்து நிமிடம். வண்ணம் போட்ட பிறகு ஒரு நாள் வேலை. அச்சுத் தகடு போட்ட பிறகு யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"எல்லாப் புத்தகத்திலும் பிழை இருக்கும்." இருக்கும். கண்டுபிடித்த பிறகும் விற்பதைத்தான் கேட்கிறேன்.

22ஆம் பக்கத்துச் சோதனைக்கு வருகிறேன். தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, ஏற்றிவிட்டு மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். புத்தகத்தின் விளக்கம்: "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு இருந்த ஆக்ஸிஜன் எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது." எத்தனையோ புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. எழுதியவர் ஒரே ஒரு முறை கூர்ந்து பார்த்திருந்தால் போதும். ஆக்ஸிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், சுடர் எரியும்போதே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அப்படி ஏறுவதில்லை. சுடர் மங்கி அணைகிற நேரத்தில்தான் சட்டென்று ஏறுகிறது. ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் உயரம் ஏறும். டம்ளர் அதேதான், உள்ளே இருந்த ஆக்ஸிஜனும் அதே அளவுதான். பிறகு ஏன்? சுடரின் சூட்டில் உள்ளே உள்ள காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறியும் விடுகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரிந்த ஆக்ஸிஜனுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் வந்துவிடுகின்றன, உள்ளே ஆக்ஸிஜன் முழுக்கத் தீர்வதும் இல்லை. மூன்று மெழுகுவத்தியை வைத்துப் பார்க்கும் ஆசை ஒரு பிள்ளைக்கு வந்தால், அங்கேயே அது விஞ்ஞானி. இந்தப் பக்கம் அந்தப் பிள்ளையைத் தோற்கடிக்கிறது.

நீள்வட்டப் பாதை படமும் அதே கதை. பூமியின் பாதையை முட்டை வடிவில் இழுத்து வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் அதன் அகலம் 10 சென்டிமீட்டர் என்றால், உண்மையில் நீளத்துக்கும் குறுக்குக்கும் வித்தியாசம் தலைமுடியின் தடிமன்கூட வராது. முட்டையைப் பார்க்கும் பிள்ளை, கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று முடிவுகட்டும். நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டு நடுங்குகிற நாட்களை ஒட்டி, ஜனவரி முதல் வாரத்தில்தான், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது.

வரலாற்றுப் பக்கங்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றிரண்டோடு விடுகிறேன். ராஜராஜன் காலத்துச் சமையற்கட்டில் கூடை நிறையச் சிவப்பு மிளகாய், பக்கத்தில் தக்காளி. அவன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010இல். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதற்குப் பின்னால்தான் இங்கே வந்தன. அதுவரை காரத்துக்கு மிளகுதான். மிளகுபோல் உறைக்கிற காய் என்றுதானே புதிதாக வந்ததற்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம்! ஒரு சொல்லுக்குள்ளேயே ஐந்நூறு வருட வரலாறு இருக்கிறது, ஒரு பக்கம் முழுக்க எழுதலாம். அதை விட்டுவிட்டு, "கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று எழுதியிருக்கிறார்கள். விழும். காலையிலோ மாலையிலோ போய் நின்றால் அந்த நிழலிலேயே உட்காரலாம். டைனோசர் அழிந்தது "66 கோடி" ஆண்டுகளுக்கு முன்பாம். மில்லியனைக் கோடி என்று மாற்றிப் போட்டுவிட்டார்கள். 6.6 கோடி. பத்து மடங்கு.

இதுவரை சொன்னதையெல்லாம் "சின்னப் பிழை" என்று தள்ளுகிறவர்கள் 37ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு பேசுங்கள். பாம்புக்கடி முதலுதவி. "கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டு. பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்று." இதைப் பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை கெடும், அந்த நேரத்தில் கீறினால் ரத்தம் நிற்காது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் இல்லாமல் காலே போகலாம். செய்ய வேண்டியது: நடக்கவிடாமல் படுக்க வைப்பது, வீங்குவதற்குள் கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றுவது, கடிபட்ட கை அல்லது காலை ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டுவது, பாம்புக்கடி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவது. இவ்வளவுதான், நான்கு வரியில் முடிகிறது. வயல்வரப்பில் பள்ளிக்கு நடக்கிற பிள்ளையின் பையில் இருக்கும் புத்தகம் இது. நான் எப்படிக் கறாராக இல்லாமல் இருப்பேன்?

"தமிழில் பிள்ளைகளுக்கு அறிவியல் எழுதுவதே நாலு பேர், அவர்களையும் விரட்டிவிடாதீர்கள்." இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்தியது, சொன்னவர் நான் மதிக்கிறவர். தமிழில் எழுதுவதால் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னது? பெ. தூரனை முதன்மை ஆசிரியராக வைத்துப் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வந்த மொழி இது, 1968இல் தொடங்கி 1976இல் முடித்தார்கள். பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதி முடித்த கையோடு, பிள்ளைகளுக்கு என்று தனியாக உட்கார்ந்தார்கள். இணையம் இல்லை, கணினி இல்லை. துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் 1987இலிருந்து வருகிறது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்துவது. தமிழில் முடியாது என்பதற்கு என்ன சாட்சி இருக்கிறது? ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைக்குத் தப்பான புத்தகம் வந்தால் பக்கத்திலேயே பத்துச் சரியான புத்தகம் இருக்கும். தமிழில் படிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்த ஒன்றுதான். நாலு பேர்தான் எழுதுகிறோம் என்றால், நாலு பேரும் இரண்டு மடங்கு சரியாக எழுத வேண்டும்.

பணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது உண்மையான சிரமம். ஆனால் 48 பக்கம் என்பது அச்சுக் கணக்கில் மூன்று பாரம், பதினாறு பக்கம் ஒரு பாரம். அதில் உள்ள ஒவ்வொரு தகவலையும் தனித்தனி வரியாக எழுதினால் இருநூறு முந்நூறு வரி வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கிருந்து எடுத்தது என்று குறித்தால் மூன்று நாள் வேலை. எதிரே ஒன்றும் எழுத முடியாத வரியை எடுத்துவிட வேண்டும். சோதனைகளை, எழுதியிருக்கிறபடியே, எழுதியவர் அல்லாத ஒருவர் செய்து பார்க்க ஒரு நாள். ஐந்து பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று குறிக்க ஒரு மதியம். வழவழத் தாளுக்கும் கெட்டி அட்டைக்கும் பணம் கிடைத்ததே, இதற்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

பொறாமை என்று எழுதியவருக்குப் பதில் இல்லை. வலித்தது, அவ்வளவுதான்.

மீதமுள்ள பிரதிகளைக் கிழிக்கச் சொல்லவில்லை. 37ஆம் பக்கத்தின்மேல் முழுப் பக்கத்துக்கு ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், வாசகம் மேலே எழுதியிருக்கிறேன், ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் பக்கத்துக்கு இதைப் போடுங்கள்:

"சமதரையில் ஒரு முழக் குச்சியை நேராக நடு. குச்சியின் உயரம் எவ்வளவோ அதே நீளக் கயிற்றால், குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போடு. காலையில் நிழலின் நுனி வட்டத்துக்கு வெளியே இருக்கும். அது சுருங்கி வட்டக்கோட்டைத் தொடும் இடத்தில் ஒரு கல் வை. பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடி கோட்டைத் தொடும் இடத்தில் இன்னொரு கல் வை. முதல் கல் மேற்கு, இரண்டாம் கல் கிழக்கு. கிழக்கே பார்த்து நின்றால் உன் இடக்கைப் பக்கம் வடக்கு. நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் பார். சில மாதம் வடக்கே விழும், சில மாதம் தெற்கே விழும். எந்தத் தேதியில் மாறுகிறது என்று நீயே கண்டுபிடித்து இங்கே எழுது: ..............."