ஈ கம்பியைத் தளர்த்தினால் மட்டும் போதாது
மலிவான நாலு கம்பி பேஸ் கிதாரில் 105 கேஜ் (0.105 அங்குலத் தடிமன்) ஈ கம்பியையே தளர்த்தி, இன்னும் கீழே பி சுரத்துக்கு இறக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. இறங்கும்தான், ஆனால் தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில்) அடிக்கும், சுருதியும் நிற்காது. ஐந்து கம்பி செட் வாங்கி, ஜி-யை விட்டுவிட்டு பி, ஈ, ஏ, டி போடுங்கள். 130 கேஜ் பி கம்பி, பழைய நட்டின் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையின்) பள்ளத்தில் உட்காராது. உருண்டை அரத்தால் சுமார் 3.4 மி.மீ. அகலமாக்குங்கள், ஆழத்தைத் தொடவே வேண்டாம். பள்ளத்தின் அடி தலைப்பக்கமாகச் சற்றுச் சரிய வேண்டும். இல்லாவிட்டால் விரல் வைக்காமல் மீட்டும் ஓப்பன் கம்பி, தம்புராவுக்கு நூல் வைத்த மாதிரி ரீங்கரிக்கும். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடை (உலோகத் தண்டை) ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். சுருதிக்காக பி கம்பியின் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை) பின்னே தள்ளும்போது அதன் ஸ்பிரிங் தடுத்தால் அதை வெட்டிக் குட்டையாக்கலாம்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றும் செலவெல்லாம் அப்புறம். கம்பியைத் தொட்டால் அடங்குகிற இரைச்சல் இருந்தால், பிக்கப்பும் வயர்களும் இருக்கும் குழிக்குள் செம்புத் தாள் ஒட்டி கிரவுண்ட் வயரோடு சாலிடர் பண்ணுங்கள்.