டர்பன் ஈரமும் என் பழைய டிவி கேம்களும்

என் வீட்டுக்கு முதன்முறையாக வரும் நண்பர்கள் சற்று ஏமாந்துதான் போகிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட பழைய வீடியோ கேம் கேட்ரிட்ஜ்களும் (ஆட்டம் பதிந்த செருகுபெட்டிகள்) அவற்றைச் செருகி டிவியில் ஆடும் பதினான்கு கன்சோல்களும் வைத்திருப்பவன் என்று கேள்விப்பட்டு, சுவர் முழுதும் அடுக்கடுக்காக நிறைந்து நீலமும் ஊதாவுமாக விளக்கெரியும் ஓர் அறையை எதிர்பார்த்து வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு லவுஞ்சில் (வரவேற்பறையில்) அவர்கள் காண்பது ஒரு குட்டை அலமாரி, அதன்மேல் படக்குழாய் வைத்த பழைய தொலைக்காட்சி, பக்கத்தில் ஒற்றைத் தட்டில் ஒன்பது பொருள்கள், அவ்வளவுதான். மற்றவை எங்கே என்று கேட்டால், பெட்டிக்குள் தூங்குகின்றன என்பேன். கஞ்சத்தனம் என்று சிலரும், திருட்டுப் பயம் என்று சிலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. சேர்த்ததை எல்லாம் ஒரே நேரத்தில் பார்வைக்கு வைப்பது, குறைந்தபட்சம் நம் ஊரில், சேர்த்ததை மெல்ல மெல்ல அழிப்பதற்குச் சமம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட கருத்து.

நாம் படங்களில் பார்த்து ஏங்கும் அறைகளில் பல, குளிர் நாடுகளில், ஆண்டின் பாதி நாள் சூடேற்றி உலர்ந்த காற்று நிறைந்த வீடுகளில் இருப்பவை. நாம் வாழ்வதோ இந்தியப் பெருங்கடலின் ஓரத்தில். பிப்ரவரி மாதத்தில் என் ஈரப்பதமானி 80 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டாத வாரமே இல்லை. காகிதம், அட்டை, உலோக முனை மூன்றும் சேர்ந்த ஒரு பொருளுக்கு 40 முதல் 50 விழுக்காடு வரையிலான ஈரப்பதமே உகந்தது என்று வைத்துக்கொண்டால், கோடையில் நம் வீட்டுக் காற்று அதைவிட எவ்வளவு கனத்தது என்பது புரியும்.

இது தெரியாமல் 2013இல் ஒரு தச்சரைப் பிடித்து, மெலமைன் ஒட்டிய துகள்பலகையில் சுவரோடு சுவராக ஓர் அலமாரி செய்து நிறுத்தினேன். எங்கள் வீடு பழைய நகராட்சி வீடு. வெளிச்சுவர் மழைக்காலத்தில் தொட்டாலே குளிரும். அந்தச் சுவரை ஒட்டி, இடுக்கில் காற்றுப் புக வழியில்லாமல், அட்டைப் பெட்டியோடு நான் தேடித் தேடி வாங்கிய சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 கன்சோல்களின் ஆட்டங்களை எல்லாம் அடுக்கிவிட்டேன். முன்புறம் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். மார்ச் மாதத்தில் ஒரு பெட்டியை உருவியபோது பின்பக்கம் முழுவதும் சாம்பல் நிறப் பூசணம் பூத்திருந்தது. கீழ்த்தட்டின் பலகை ஓரம் ஊறிப்போன பிஸ்கட்டைப் போல உப்பியிருந்தது. தச்சர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவருக்கும் அலமாரிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடச் சொல்லாதது என் தவறு. அன்று தப்பித்தவை சேகா மெகா டிரைவ் கன்சோலின் ஆட்டங்கள். அவற்றுக்குப் பிளாஸ்டிக் உறைப்பெட்டி இருந்ததால் ஈரத்துணியால் துடைத்ததும் புதிதாகிவிட்டன. அட்டைப் பெட்டியில் பூசணம் போனாலும் கறை போவதில்லை.

ஈரத்துக்கு அடுத்த பகை வெயில். இதில் நம் பக்கத்து நாட்காட்டியே வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வடகோளத்தில் எழுதப்பட்ட அறிவுரைகள் தெற்குச் சன்னலிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லும். டர்பனில் நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கே நிற்பதால், வடக்குச் சன்னலுக்கு எதிரே வைத்த பெட்டிகள்தான் நமக்கு வெளுக்கும். முதலில் சிவப்பும் மஞ்சளும் கரைந்து, கடைசியில் நீலம் மட்டும் பேயாக நிற்கும். சாம்பல் நிறக் கன்சோல்கள் பழுப்பேறுவதற்கு வெயிலும் வெப்பமும் காரணம் என்றாலும், மூலம் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. தீப்பற்றாமலிருக்கச் சேர்த்த புரோமின் கலவையும் பிளாஸ்டிக்கின் இயல்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் முறை 2008 முதல் புழக்கத்தில் உள்ளது. நானும் ஒரு முறை செய்தேன். மூன்றாண்டில் பழுப்பு திரும்பி வந்தது, இம்முறை திட்டுத் திட்டாக. வயதானவருக்குச் சாயம் பூசி அழகு பார்ப்பதில் எனக்கு அன்றோடு ஆர்வம் போயிற்று.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலரின் வயரைக் கன்சோலைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வயரின் மேலுறையை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிப் பள்ளம் பதித்துவிடும். என் மெகா டிரைவின் மேல்மூடியில் பாம்பு ஊர்ந்ததைப் போல ஒரு தடம் இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை. வயர் தனிப் பையில், கன்சோல் தனித் துணியில் என்பதே இப்போதைய வழக்கம். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவதும் கூடாது. அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும். கரப்பான்களுக்கு இருட்டும் கதகதப்பும் கிடைத்தால் போதும், கன்சோலின் காற்றுத் துளைக்குள் குடும்பமே நடத்தும். இதற்கு மூடிய பெட்டியைத் தவிர வேறு மருந்து நான் காணவில்லை.

பெட்டிக்குள் வைக்கும் முறையை நான் கற்றது என் மாமியாரிடமிருந்து. என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கு வந்தவர். அவர் பிறந்த வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் தலைமுறையாக உண்டு. இங்கே வளர்ந்த எனக்குக் காவடியும் புரட்டாசி விரதமும் தெரியுமே தவிர, கொலுவை அங்கு சென்றபோதுதான் முதலில் பார்த்தேன். ஒன்பது நாள் படியில் வீற்றிருந்த பொம்மைகளை, விழா முடிந்ததும் அத்தை ஒவ்வொன்றாகத் துடைத்து, நைந்த வேட்டித் துணியில் சுற்றி, மூக்கும் கையும் உள்ள இடத்தில் கூடுதலாக ஒரு மடிப்பு வைத்து, எது எந்தப் பெட்டியில் என்று ஒரு நோட்டில் குறித்து, டிரங்குப் பெட்டிக்குள் இறக்கினார். அவற்றில் சில அவருடைய பாட்டியின் காலத்தவை. ஆண்டு முழுவதும் வெளியில் வைத்திருந்தால் இத்தனை நாள் நின்றிருக்குமா மாப்பிள்ளை என்று கேட்டார். துகள்பலகை அலமாரியைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்காரரின் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிக் குப்பைக்கு அனுப்பியது, ஊர் திரும்பிய அடுத்த வாரம்.

இப்போது எல்லாம் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சிலிக்கா ஜெல். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், ஓவனில் 120 பாகை செல்சியஸில் சில மணிநேரம் வைத்தால் மறுபடி வேலைக்கு வந்துவிடும். இதற்குப் பதிலாக அரிசி போடுகிறவர்கள் வண்டுக்குத்தான் சோறு போடுகிறார்கள். குறுந்தட்டுகள் படுக்காமல் நிமிர்ந்து நிற்கின்றன. அட்டைப் பெட்டிகளுக்குத் தெளிவான பி.இ.டி. உறை, மலிவான பி.வி.சி. உறை ஒருபோதும் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் நமது வறண்ட குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் திறந்து பார்ப்பேன். நோட்டு என் மகளின் பொறுப்பு.

அந்த ஞாயிறு வெறும் துடைக்கும் நாள் அல்ல. கேம் பாய் போன்ற கைக்கருவிகளில் மறந்துபோன பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்த காரம் உள்ளிருக்கும் செம்பைத் தின்றுவிடும், வெள்ளை வினிகரைத் தொட்டுத் துடைத்தால் ஓரளவு மீட்கலாம். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கேட்ரிட்ஜ்களுக்குள்ளும் ஒரு வட்ட லித்தியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கடிகாரமும் ஓடும் போகிமான் சில்வர் போன்றவற்றில் அது இன்னும் விரைவில் தீரும். அந்த ஆட்டத்தில் நான் பதினாறு வயதில் வளர்த்த குட்டிகள் எல்லாம் அப்படி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. பேட்டரியைக் கழற்றும் முன் சேமிப்பைக் கணினிக்கு நகலெடுக்கும் சிறு கருவிகள் உள்ளன என்பது அதன் பிறகே எனக்குத் தெரிந்தது. கேட்ரிட்ஜ் முனைகளில் வாயால் ஊதுவதை விட்டுவிட்டு, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். ஊதினால் மூச்சின் ஈரம் முனையை அரிக்கும் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இப்பதிவு முடியாது. 2007இன் இறுதியிலிருந்து லோட் ஷெடிங்குடன் (முறைவைத்த மின்வெட்டுடன்) வாழப் பழகிய நமக்கு, மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் நொடியே ஆபத்து என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். காட்சிக்கு இருக்கும் எந்தக் கன்சோலும் சுவரோடு இணைந்திருப்பதில்லை. அடாப்டர்கள் அதைவிட மோசமான கண்ணி. நின்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் கன்சோலுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்மின்னோட்டம். அதே நிறுவனம் மேற்கு நாடுகளுக்கு விற்ற என்.இ.எஸ். கருவியின் அடாப்டர் தருவதோ 9 வோல்ட் மாறுமின்னோட்டம். முனை இரண்டிலும் பொருந்தும், ஃபேமிகாம் மட்டும் பிழைக்காது. போதாக்குறைக்கு ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது, நம் சுவரில் வருவது 230. இந்தக் கணக்கை மறந்து ஒரு இரவில் நான் கிளப்பிய புகையின் வாசனை இரண்டு நாள் திரைச்சீலையில் இருந்தது. இப்போது ஒவ்வோர் அடாப்டரின் கழுத்திலும் அதன் கன்சோலின் பெயர் எழுதிய துணிநாடா தொங்குகிறது.

இனி அந்த ஒன்பது பொருள்கள். விலையுயர்ந்தவை எதுவும் அத்தட்டில் இடம்பெறுவதில்லை, வேண்டுமென்றேதான். நிரந்தர இடம் ஒன்றுக்கு மட்டும் உண்டு: என் அப்பா 1993இல் கிறிஸ்துமஸ் போனசில் கிரே தெருவில் வாங்கி வந்த கோல்டன் சைனா. 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமின் உரிமம் பெறாத நகல் அது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் இந்த நாட்டில் என் தலைமுறையில் பலருக்கு டிவி கேம் என்றாலே அதுதான். அதற்கு முன் தெருமுனை டீ ரூமில் (சிறு கடையில்) நின்றுகொண்டு, 20 சென்ட் நாணயத்தை வீடியோ கேம் இயந்திரத்தின் விளிம்பில் வரிசைக்கு வைத்துக் காத்திருந்தது மட்டுமே எங்களுக்குத் தெரிந்த விளையாட்டு. தொலைக்காட்சியே 1976இல்தான் வந்த ஒரு நாட்டில், துணி ஆலையில் வேலை பார்த்த ஒருவர் தன் பிள்ளைகளுக்கு அதை வாங்கிவந்தார் என்ற செய்தி அந்தப் பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு கீறலிலும் இருக்கிறது. 2021 ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனபோது, அது போன்ற ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்தால் வீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு நண்பர் கேட்டார். நம் லவுஞ்சுகளில் விருந்தாளிக்கென்று பூட்டிவைத்து, எந்த விருந்தாளிக்கும் எடுக்காத பீங்கான் தட்டுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வரிசையில் இன்னொன்று வேண்டாம்.

காட்சிக்கு இருப்பது ஆடுவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே என் பிடிவாதம். அதனால்தான் 40 கிலோவுக்குக் குறையாத அந்தப் படக்குழாய்த் தொலைக்காட்சி மெரான்ட்டி மரத்தில் செய்த குட்டை அலமாரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வாத்துச் சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கி, திரையில் ஒளிரும் கட்டத்தை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கண்டறிந்து வேலை செய்வது. இன்றைய தட்டைத் திரையின் தாமதத்தில் அது குருடாகிவிடும். நமது 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி முறைக்கேற்ப விற்கப்பட்ட பல ஆட்டங்கள் ஜப்பானில் ஓடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. இசையும் இழுத்துப் பாடும். பிழை என்று அறிந்தும் எனக்கு அந்த மெதுவான இசைதான் சரியாகக் கேட்கிறது.

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது பெட்டியும் சிலிக்காவும் எதற்கு என்று என் மைத்துனர் கேட்பார். வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை மூடிவிட்டது. மைத்துனரிடம் இதைச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, கோல்டன் சைனாவின் முன் உட்கார்ந்து ஒன்றரை மணிநேரம் எழுந்திருக்கவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மீதி எட்டுப் பொருள்களும் மாறும். தேர்வு மகளுடையது. இம்மாதம் அவள் எடுத்து வைத்திருப்பவற்றில், மேல்மூடியில் வயர்த் தடம் பதிந்த அந்த மெகா டிரைவும் இருக்கிறது. தடம் சுவர்ப்பக்கம் போகுமாறு நான் அதைத் திருப்பி வைத்தேன். மாலையில் பார்த்தபோது மறுபடி முன்பக்கம் வந்திருந்தது.