8 லட்சம் என்று கணக்குப் போடுவதற்கு முன்
இரண்டு மருத்துவக் காப்பீடு இருந்தால் 3 லட்சமும் 5 லட்சமும் சேர்ந்து 8 லட்சம் கையில் இருப்பது போல என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஆனால் பில் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது, அதையும் சொல்லியிருக்க வேண்டும். 2022இல் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு 4,60,000 ரூபாய் ஆனது. ஆபீஸ் பாலிசியில் 3 லட்சம் போக, மீதியை என் சொந்த பாலிசியில் கேட்டோம். முதல் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று காட்டும் செட்டில்மென்ட் கடிதம் வேண்டும், பில் நகல் ஒவ்வொன்றிலும் மருத்துவமனை சீல் வேண்டும் என்றார்கள். 62 பக்கத்துக்கும் சீல் வாங்க பில்லிங் கவுண்டரில் அரை நாள் நின்றேன். இப்போது 2024இல் வந்த ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, நாம் முதலில் கிளெய்ம் கேட்கும் கம்பெனியே மீதித் தொகைக்காக அடுத்த கம்பெனியுடன் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஹாஸ்பிடல் கேஷ் (மருத்துவமனையில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தருவது), கிரிட்டிகல் இல்னஸ் (கடும் நோய்க்கானது) பாலிசிகள் வேறு வகை; அவை பில் எவ்வளவு என்று பார்க்காமல் பேசிய தொகையைத் தனித்தனியாகத் தரும்.