கருப்பு மணலும் எங்க வீட்டுக்காரரோட ஷூவும்

ஐஸ்லாந்து போறவங்க எல்லாரும் வீக் கிராமத்துக்குப் பக்கத்துல இருக்கற ரெய்னிஸ்ஃப்யாரா பீச்ல எடுத்த போட்டோ ஒண்ணு போடாம இருக்கமாட்டாங்க, நானும் போட்டேன், ஆனா அந்த போட்டோ எடுத்த கதையை இப்பதான் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஜூன்ல போனோம். மணல் மொத்தமும் கருப்பு, பக்கத்துல மலையை யாரோ பென்சில் கட்டு மாதிரி நிக்க வெச்சிருக்காங்க, எல்லாம் எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடிச்சு தூண் தூணா ஆனது, நம்ம ஏரி காஞ்சா வண்டல் கட்டம் கட்டமா வெடிக்குமே அதே கணக்குதான். கடலுக்குள்ள நிக்குற பாறைங்க கப்பலை இழுத்துட்டு வந்த பூதங்களாம், விடிஞ்சதும் கல்லாயிடுச்சாம்.

சரி விஷயத்துக்கு வரேன். பார்க்கிங்லயே பெரிய போர்டு, சிக்னல் லைட் கூட இருக்கு, அன்னிக்கு மஞ்சள். கரையை விட்டு கொஞ்ச தூரத்துலயே கடல் சட்டுனு ஆழமாயிடுதாம், அதனால அலை வேகம் குறையாம ஏறி வரும், ஆளுங்க செத்தே போயிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் "அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு"ன்னாரு. நாம யாருங்க அப்போ? கடலுக்கு முதுகு காட்டி போஸ் குடுத்தாரு, நானும் மடத்தனமா "இன்னும் ரெண்டடி பின்னாடி"ன்னேன். பத்து அலை அடக்கமா வந்துட்டுப் போச்சு, பதினொண்ணாவது முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு, திரும்பிப் போற தண்ணி காலடி மணலை உருவுது, ஆளு உக்காந்துட்டாரு. யாரோ ஒருத்தர் ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்தார்.

எனக்கு கோபம் வந்தது அப்புறம், ஊருக்குள்ள போனப்போ. வீக் இருக்கறது காட்லா எரிமலைக்குக் கீழ, அது ஒரு பனிப்பாறைக்கு அடியில இருக்கு, 1918ல வெடிச்சப்போ உருகின வெள்ளம் அடிச்சிட்டு வந்த மண்ணுல கரையே கடலுக்குள்ள நீண்டு போச்சு. அதனால எச்சரிக்கை வந்தா மேட்டுல இருக்கற சர்ச்சுக்கு ஏறணும்னு ஊர்க்காரங்க ஒத்திகை எல்லாம் பாக்கறாங்க. அங்கயே பொறந்து வளர்ந்தவங்களுக்கு இவ்வளவு பயம், ஒரு மணி நேரம் நின்னுட்டுப் போற நமக்கு லைட்டைப் பாக்க நேரமில்ல! போட்டோக்கு கம்பி வேலி இடைஞ்சல்னு ரிவ்யூ எழுதுறவங்களை என்ன சொல்றது.

சென்னை வந்து ஷூவைக் கவுத்தேன், கைப்பிடி கருப்பு மணல் கொட்டுச்சு. இவரு இன்னும் "சின்ன அலைதான்"னு சொல்லிட்டிருக்காரு.