2028 ஜனநாயகக் கட்சி வேட்பாளர்: என் கணக்கு

அமெரிக்காவில் 2028 அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன். கருத்துக்கணிப்பு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் தயவுசெய்து கமெண்டில் போடாதீர்கள்.

ஏன் என்றால், இந்த விஷயத்தில் அந்தக் கணிப்புகளின் சரித்திரம் அப்படி. 2007 முழுக்க ஹிலாரி கிளின்டனும் ரூடி ஜூலியானியும்தான் மோதப்போகிறார்கள் என்றார்கள். களத்தில் நின்றது ஒபாமாவும் மெக்கெயினும். 2003 கடைசியில் ஹோவர்ட் டீன்தான் என்று எழுதினார்கள். கட்சிக்குள் மாநிலம் மாநிலமாக நடக்கும் வேட்பாளர் தேர்வில் (பிரைமரி) முதலில் வந்த அயோவாவில் மூன்றாம் இடம், அத்தோடு காற்று இறங்கிவிட்டது. 2015இல் ஜெப் புஷ்ஷுக்காக அவருடைய ஆதரவாளர்கள் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அவர் தென் கரோலினாவோடு மூட்டையைக் கட்டினார். இவர்கள் எல்லாம் நின்று தோற்றவர்கள். 1992 தேர்தலுக்கு எல்லோரும் எதிர்பார்த்த நியூயார்க் கவர்னர் மரியோ கூமோ நிற்கவே இல்லை. 1991 டிசம்பர் 20, நியூ ஹாம்ப்ஷயரில் மனு கொடுக்கக் கடைசி நாள். ஆல்பனி விமான நிலையத்தில் அவருக்காக விமானம் காத்துக்கிடந்தது. அவர் ஏறவில்லை. ஆர்கன்சா என்ற சின்ன மாநிலத்தின் கவர்னர் பில் கிளின்டன் வேட்பாளர் ஆனார், அதிபரும் ஆனார்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? என்னைக் கேட்டால் இரண்டே விஷயம். எந்த மாநிலம் எந்த வரிசையில் வாக்களிக்கிறது என்பது ஒன்று. தோற்கிறவர்கள் எப்போது விலகுகிறார்கள் என்பது இன்னொன்று.

ஜனநாயகக் கட்சியில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளை வாக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் 15 சதவீதம் தொடாதவருக்கு ஒன்றும் கிடையாது. இதைக் கொஞ்சம் மெதுவாக யோசித்துப் பாருங்கள். ஒருவர் 30 வாங்குகிறார், இன்னொருவர் 20. மீதி 50 சதவீதத்தை ஐந்து பேர் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த ஐந்து பேருக்கும் பூஜ்யம். முதலாமவர் மொத்தப் பிரதிநிதிகளில் 60 சதவீதத்தை அள்ளிக்கொண்டு போகிறார், வாங்கியது 30 சதவீத ஓட்டுதான். கூட்டம் கலையாமல் இருக்கும்வரை முதலிடத்தில் இருப்பவருக்குக் கொண்டாட்டம். குடியரசுக் கட்சியில் இது இன்னும் முரட்டுத்தனம். 2016இல் தென் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஓட்டு. அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் அவருக்கே.

2020இல் இடதுசாரி பெர்னி சாண்டர்ஸுக்கு இந்தக் கணக்கு கிட்டத்தட்டக் கைகூடி வந்தது. பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. அந்த ராத்திரி முடிவு வரும்வரைகூட அவர் அங்கே தங்கவில்லை, தென் கரோலினாவுக்குக் கிளம்பிவிட்டார். இனி அவர் அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

அப்போது நடந்த ஒன்றை தென் கரோலினாவின் மூத்த காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பிறகு சொல்லியிருக்கிறார். ஒரு துக்க நிகழ்வுக்காக தேவாலயத்துக்குப் போகிறார். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா அவரைக் கிட்டே கூப்பிட்டு, "யாருக்குப் போடப்போகிறீர்கள்? சத்தமாகச் சொல்ல வேண்டாம், காதில் சொன்னால் போதும்" என்கிற மாதிரி கேட்கிறார். இவர் குனிந்து பைடன் பெயரைச் சொல்கிறார். இதை நம் ஜனங்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்கிறார் அந்த அம்மா. பிப்ரவரி 26 அன்று கிளைபர்ன் வெளிப்படையாக அறிவித்தார். 29ஆம் தேதி வாக்குப்பதிவு. பைடனுக்கு ஏறக்குறைய 49 சதவீதம், சாண்டர்ஸுக்கு 20.

அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர்கள். அவர்களுக்கு மேடைப் பேச்சு, வைரல் வீடியோ எல்லாம் இரண்டாம்பட்சம். இவரால் ஜெயிக்க முடியுமா, நாளைக்கு நம்மை மறக்காமல் இருப்பாரா, அவ்வளவுதான் கேள்வி. அப்புறம் நடந்ததுதான் விசேஷம். மறுநாளே போட்டியில் இருந்த மிதவாதி பீட் பூட்டிஜெஜ் விலகினார், அதற்கடுத்த நாள் ஏமி குளோபுஷார். இருவரும் டாலஸில் பைடன் பக்கம் வந்து நின்றார்கள். மார்ச் 3 அன்று வாக்களித்த 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. போட்டியில் இருந்த எலிசபெத் வாரனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸ்கூட. (பணத்தைத் தண்ணீராக இறைத்த புளூம்பெர்க் அன்று ஜெயித்தது அமெரிக்க சமோவா என்ற குட்டித் தீவுப் பிரதேசம் ஒன்றைத்தான்.)

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 2028 பெயர்களைப் பார்ப்போம்.

கேவின் நியூசம். டிரம்ப் பாணியிலேயே பதிவு போட்டு டிரம்ப்பைக் கிண்டல் செய்கிறார், கட்சிக்காரர்களுக்கு அது பிடித்திருக்கிறது. கலிபோர்னியாவின் தொகுதி எல்லைகளை மாற்றும் 2025 வாக்கெடுப்பையும் ஜெயித்துக் காட்டினார். ஆனால் கலிபோர்னியா கவர்னர்களுக்கு இந்தக் கட்சியில் ராசி இல்லை. ஜெர்ரி பிரௌன் மூன்று முறை முட்டிப் பார்த்தார். வாடகை, வீடில்லாதவர்கள் பிரச்சினை என்று எதிராளி கலிபோர்னியாவைக் காட்டியே பிரசாரம் பண்ணலாம்.

பூட்டிஜெஜ் பேச்சில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. கறுப்பின வாக்காளர்களிடம் 2020இல் எடுபடவில்லை. அது மாறியதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இல்லினாய் கவர்னர் பிரிட்ஸ்கர் ஹயாத் ஹோட்டல் குடும்பத்துக் கோடீஸ்வரர். கோடீஸ்வரர்கள் ஆட்சி என்று டிரம்ப்பைத் திட்டும் கட்சி இன்னொரு கோடீஸ்வரரை நிறுத்துமா என்று அவரவர் யோசித்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கின் இடதுசாரி காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மேலே சொன்ன 30 சதவீதக் கணக்கு அவருக்குத்தான் பொருந்தும். சாண்டர்ஸின் படை அப்படியே அவரிடம் வரும், கலையாது. மிதவாதிகள் ஆறேழு பேர் பிடிவாதமாக நின்றால் அவர் முந்திவிடுவார். ஆனால் 2020 பாடத்தைக் கட்சி மறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இனி கமலா ஹாரிஸ். இதில் நம்மூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வீர்கள். அவருடைய தாத்தாவின் ஊர் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம். 2020இலும் 2024இலும் அங்கே பேனர் கட்டிக் கோயிலில் பூஜை நடத்தினார்கள். எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் ஒன்றைப் பாருங்கள். 2019 ஜனவரியில் ஓக்லாந்தில் பெருங்கூட்டத்தோடு தொடங்கியவர், டிசம்பரிலேயே விலகினார், ஒரு ஓட்டு விழுவதற்கு முன்பே. 2024இல் பைடன் விலகியதால் வேட்பாளர் ஆனார். ஆக, ஒரு மாநில பிரைமரியில்கூட அவர் இதுவரை ஜெயித்ததில்லை. அதிபர் தேர்தலில் தோற்றவரை மறுபடி நிறுத்தும் பழக்கமும் இந்தக் கட்சியில் போய்விட்டது. கடைசியாக 1956இல் அட்லாய் ஸ்டீவன்சன், அவரும் இரண்டாம் முறை தோற்றார். தென் கரோலினாவில் கமலாவுக்கு மரியாதை இருக்கிறது, உண்மைதான். ஆனால் "இவரால் ஜெயிக்க முடியுமா" என்ற கேள்வியை அதிகம் கேட்பதும் அதே தென் கரோலினா.

என் கணிப்பு பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷாப்பிரோ. 2023 ஜூனில் பிலடெல்பியாவில் டேங்கர் லாரி எரிந்து ஐ-95 நெடுஞ்சாலைப் பாலம் இடிந்தது. மாதக்கணக்காகும் என்றார்கள். மறுசுழற்சிக் கண்ணாடியில் செய்த ஜல்லியைக் கொட்டி மேடாக்கி, தற்காலிகச் சாலை போட்டு, 12 நாளில் வண்டி ஓட விட்டார். வேலை நடப்பதை இருபத்து நான்கு மணி நேரமும் நேரலையில் காட்டினார்கள். டிரம்ப் இரண்டு முறை ஜெயித்த மாநிலத்தில் 2022இல் ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்தில் வென்றவர், "ஜெயிக்க முடியுமா" என்ற கேள்விக்கு அதுவே பதில். அவருக்குப் பெரிய தலைவலி காசா. இஸ்ரேல் ஆதரவாளர் என்பதால் இளைஞர்கள் அவரை விடமாட்டார்கள். அதில் அவர் சறுக்கினால் கென்டக்கி கவர்னர் ஆண்டி பெஷியர் அந்த இடத்துக்கு வருவார்.

குடியரசுக் கட்சிப் பக்கம் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பதவியில் இருக்கும் துணை அதிபர் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். நிக்சன், ஹம்ப்ரி, மூத்த புஷ், கோர் என்று இரண்டு கட்சியிலும் அதுதான் வழக்கம். டிரம்ப்பின் துணை அதிபர் வான்ஸுக்கும் அப்படியே நடக்கும்.

மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். கமலாதான் என்று சொல்பவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: அவர் முதலில் எந்த மாநிலத்தில் ஜெயிப்பார் என்று சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்குங்கள். திருவாரூர் மாவட்டம் கணக்கில் வராது.